காவிரிப் படுகையில் தொலைமருத்துவமும் மாற்றுத்திறனாளிகளும்: 2004–2025

நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருக்க, தகவல்தொடர்புக் கருவிகளின் வழியே நடைபெறும் மருத்துவக் கலந்தாய்வு தொலைமருத்துவம் எனப்படும். காவிரிப் படுகையில் அதன் வளர்ச்சியை ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்த வரலாறாகக் காண இயலும். ஆனால் மாற்றுத்திறனாளிகளின் நிலையிலிருந்து நோக்கினால், தூரம் குறைந்தபோது தம் நோயைத் தாமே மருத்துவரிடம் எடுத்துரைக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடியதா என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றிலும், செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களிலும் கிராம வள மையங்களைத் தொடங்கின. செயற்கைக்கோள் இணைப்புடன் இயங்கிய இம்மையங்கள் வேளாண் ஆலோசனை, கல்வி ஆகியவற்றோடு தொலைமருத்துவத்தையும் வழங்க முற்பட்டன. எனினும் இவ்வமைப்பு நகரத்து மருத்துவரை மையம்வரை கொண்டுவந்ததேயன்றி, வாய்க்கால் கரையையும் பேருந்துப் படிக்கட்டையும் கடந்து அங்கு வந்து சேரும் பொறுப்பை நோயாளியிடமே விட்டது. அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மருத்துவமனைகளில் சாய்தளம் அமைப்பதைக் குறிப்பிட்டபோதிலும், உடல்நலம் பற்றிய அதன் அக்கறை பெரிதும் குறைபாட்டைத் தடுப்பதிலும் முன்கூட்டியே கண்டறிவதிலுமே நின்றது.

அடுத்த கட்டத்தில் மருத்துவ அறையே ஊரை நோக்கி நகர்ந்தது. சென்னையிலுள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடமாடும் தொலை மனநலச் சேவையைத் தொடங்கியது. இம்மாவட்டத்தின் ஒரு பகுதி, 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின்கீழ் காவிரி டெல்டாவில் அடங்குவதாகும். இச்சேவைக்கென வடிவமைக்கப்பட்ட பேருந்துக்குள் நோயாளி அமர்ந்து திரையில் தோன்றும் மனநல மருத்துவருடன் பேசிய பின்னர், அதே வண்டியிலிருந்த மருந்தகத்திலேயே மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டார். மனநோய் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டிருந்ததால், இம்முயற்சியை மாற்றுத்திறனாளிகளை மனத்திற்கொண்டு உருவான தொலைமருத்துவத்தின் முன்னோடி எனக் கருதலாம். நோயாளியையும் குடும்பத்தாரையும் நேரில் அறிந்த களப்பணியாளர் உடனிருந்ததும், ஆலோசனையோடு மருந்தும் கிடைத்ததும் திரையைப் போலவே இன்றியமையாதவையாக இருந்தன.

2017இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தியதுடன், பிறருக்கு நிகரான சட்டத் தகுதி, அதாவது தம் வாழ்வு குறித்த முடிவுகளைத் தாமே எடுக்கும் தகுதி, மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்று அறிவித்தது. ஆனால் கொரோனாத் தொற்றின் நெருக்கடியில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், நோயாளிக்காகப் பராமரிப்பாளர் பேசத்தக்க சூழல்களை வரையறுக்கையில், செயலற்ற நிலைக்கு எடுத்துக்காட்டாக மறதிநோயோடு உடல் ஊனத்தையும் சேர்த்தன. கால் செயலிழந்த ஒருவர் தம் வலியைத் தாமே விளக்க வல்லவராயினும், அவருக்காக வேறொருவர் பேசுவதை இயல்பெனக் கொள்ளும் இப்பார்வை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையோடு முரண்படுகிறது.

2020 ஏப்ரலில் தொடங்கிய இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை மருத்துவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. எனினும் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணை உள்ளிட்டு, டோக்கன் பெற்று, காணொளி அழைப்புக்குக் காத்திருக்கும் வரிசைமுறை, பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பானும் காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பும் கிட்டாதவிடத்துப் புதியதொரு வாசற்படியாகிவிடும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமோ தன்னார்வலர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் வீடுகளுக்கே அனுப்பியதால், இத்தகைய இடைவெளியை நிரப்பக்கூடிய ஆள்பலத்தை ஏற்கெனவே கொண்டுள்ளது.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2022இல் வெளியிட்ட தரநிலை, எழுத்துரை, சைகைமொழி, திரைவாசிப்பான் இணக்கம் முதலியவற்றைத் தொலைமருத்துவச் சேவைகளில் எதிர்பார்க்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் எண்மச் சேவைகளை அணுகுவதை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. இவ்விரண்டும் டெல்டாவின் சிற்றூர்களில் பயன்தர வேண்டுமாயின், நோயாளி எம்முறையில் உரையாட விரும்புகிறார் என்பது முதற்பதிவிலேயே குறிக்கப்பட வேண்டும்; உடனிருக்கும் பணியாளர் கருவியை இயக்கித் தருபவராகவும், நோயாளி கேட்டுக்கொண்டால் மட்டுமே அவருக்காகப் பேசுபவராகவும் பயிற்றுவிக்கப்பட வேண்டும்.