1954இல் ஐந்து பிரதமர்கள் கண்டிக்கு வந்தார்கள்

கண்டியை வர்த்தக மாநாடுகளுக்கான நகரமாக வளர்க்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. உடனே நாம் கேட்பது: பெரிய மண்டபம் இருக்கிறதா, ஹோட்டல்களில் எத்தனை அறைகள், கொழும்பிலிருந்து வர எத்தனை மணி நேரம்? தேவையான கேள்விகள்தான். ஆனால் எமது நகரம் ஏற்கெனவே உலகத் தலைவர்கள் கூடிப் பேசிய நகரம். அந்த வரலாற்றைப் பார்த்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது.

1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் ஒரு கூட்டம் நடந்தது. ஆளுநர் பிரவுன்ரிக் ஒரு பக்கம், கண்டிப் பிரதானிகள் மறுபக்கம். அங்குதான் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. நகரம் அதற்கு முன்பே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆகவே அதைச் சமமானவர்கள் கூடிய கூட்டம் என்று சொல்ல முடியாது.

அடுத்து, 1944 ஏப்ரல். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தனது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றினார். இன்று நாம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பூங்காவுக்குள்தான் அன்று பர்மாப் போர் திட்டமிடப்பட்டது. டில்லி நிர்வாகத்தின் நெரிசலிலிருந்து விலகியிருக்கலாம், இதமான காலநிலை, 1867 முதல் கொழும்போடு புகையிரதத் தொடர்பு. இவையெல்லாம் கண்டிக்குச் சாதகமாக இருந்தன. ஆனாலும் அந்தத் தெரிவைச் செய்தவர்கள் நாம் அல்ல.

சுதந்திரத்துக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1954இல் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல அண்டை நாடுகளின் பிரதமர்களை இலங்கைக்கு அழைத்தார். இந்தியாவிலிருந்து நேரு, பாகிஸ்தானிலிருந்து முஹம்மத் அலி போக்ரா, பர்மாவிலிருந்து ஊ நூ, இந்தோனேசியாவிலிருந்து அலி சாஸ்த்ரோஅமிஜோயோ ஆகியோர் வந்தனர். ஏப்ரல் 28இல் கொழும்பில் தொடங்கிய அம்மாநாடு இடையில் கண்டியிலும் கூடியது. மே 2இல் கூட்டறிக்கை வெளியானது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் எலிசபெத் மகாராணி கண்டிக்கு வந்து போயிருந்தார். ஏப்ரல் 20இல் பேராதனைப் பல்கலைக்கழகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டிருந்தது. விருந்தினரை வரவேற்க நகரம் அப்போது நல்ல ஆயத்தத்தில் இருந்திருக்கும்.

அந்த ஐவரும் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். காஷ்மீர் விடயத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் முரண்பட்டிருந்தன. கம்யூனிசத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் கொத்தலாவலவும் நேருவும் வெவ்வேறு பக்கம். இருந்தும் மேசையை விட்டு எழுந்து போகாமல் பேசினார்கள். இந்தோசீனாவில் போர்நிறுத்தம், ஐதரசன் குண்டுச் சோதனைகளை நிறுத்துதல், பலஸ்தீன அகதிகளின் துயரம் ஆகியவை பற்றி ஒரே குரலில் அறிக்கை விட்டார்கள். ஆசிய-ஆபிரிக்க நாடுகளுக்குப் பெரிய மாநாடு ஒன்று வேண்டும் என்று இந்தோனேசியப் பிரதமர் முன்மொழிந்ததும் அங்கேதான். மறு வருடம் ஏப்ரலில் பாண்டுங்கில் 29 நாடுகள் கூடியதற்கான விதை எமது மண்ணில் விழுந்தது.

1973இல் கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடும் அங்கேயே நடந்தது. அதன் பிறகு மாநாடு என்றால் கொழும்பு என்றாகிவிட்டது. கண்டியோ பெரஹர மாதத்தில் நிரம்பி வழியும் நகரமாகச் சுருங்கியது. வர்த்தக மாநாடுகளின் பயன் இங்கேதான் தெரியும். பெரஹர இல்லாத மாதங்களிலும் ஹோட்டல் ஊழியருக்கு வேலை, வேன் சாரதிக்கு ஓட்டம், மரக்கறி கொடுக்கும் தோட்டக்காரருக்கு வருமானம்.

ஆனால் 2018 மார்ச்சையும் நாம் மறக்க முடியாது. தாக்குதலுக்குள்ளான சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அது கண்டிக்கத்தக்க குற்றம். அதைத் தொடர்ந்து திகனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. ஊரடங்கு வந்தது, அவசரகாலச் சட்டம் வந்தது, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வெளிநாடுகள் தமது பிரஜைகளை எச்சரித்தன. அந்த வாரத்தில் உலகின் எந்த நிறுவனமாவது கண்டியில் ஒரு கூட்டத்தை வைத்திருக்குமா?

அன்று மண்டபங்கள் அப்படியேதான் இருந்தன. ஹோட்டல் அறைகளும் குறையவில்லை. வாவியும் மலையும் எங்கும் போய்விடவில்லை. குறைந்தது ஒன்றே ஒன்று: பக்கத்துக் கடைக்காரரை நம்பிக் கடை திறக்கும் தைரியம். 1954இல் ஒரே மேசையில் பௌத்தரும் முஸ்லிமும் இருந்தார்கள், பகைமை கொண்ட இரு நாடுகளும் இருந்தன. அந்த மேசையைப் போட்ட நகரத்துக்கு இது பெரிய இழப்பு.

தலதா மாளிகை, அதனருகே சென் போல்ஸ் தேவாலயம், நகரின் நடுவே மீரா மகாம் பள்ளிவாசல், கட்டுக்கலையில் பிள்ளையார் கோவில். நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். இப்படி ஒரு நகரத்தை விளம்பரப்படுத்த அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. அதிவேகப் பாதை கண்டி வரை வரட்டும், புதிய மண்டபமும் எழட்டும். அவற்றை அரசாங்கம் கட்டும். அடுத்த வகுப்பறையில் உள்ள பிள்ளையின் மொழியை எமது பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும், வதந்தி வந்த இரவில் அயலவரின் கதவைத் தட்டி விசாரிப்பதும் எமது வேலை. நாம் கூடி வாழ முடியாத இடத்துக்குப் பிறர் கூடிப் பேச வரமாட்டார்கள்.

உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கு அந்தக் காலத்துக் கண்டி நினைவிருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். எமது பிள்ளைகள் படிக்க வேண்டிய வரலாறு அது.