சிப்பாயைக் கொடுத்த பிறகு: 1834இன் ஐம்பதாவது ஆட்டம்

பதுளையில் நாங்கள் செஸ் பலகையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். குயின்ஸ் கேம்பிட்டில் வெள்ளை டி4, சி4 என்று இரண்டு சிப்பாய்களை முன்னே தள்ளுகிறது. கறுப்பு தன் டி5 சிப்பாயால் சி4இல் நிற்பதை வெட்டிவிடுகிறது. இப்போ மூன்றாவது நகர்வில் வெள்ளை என்ன செய்யணும்?

முதலில், பதறத் தேவையில்லை. அந்தச் சிப்பாய் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வெள்ளை இ3 ஆடினால் பிஷப்புக்கு வழி திறந்து, சி4 குறிக்குள் வரும். கறுப்பு பி5 ஆடிக் காப்பாற்றப் பார்த்தால், வெள்ளை ஏ4. கறுப்பு சி6 என்று முட்டுக்கொடுத்தால், பி5இல் சிப்பாய்களை மாற்றிவிட்டு ராணியை எஃப்3க்குக் கொண்டுவரலாம். மூலையில் இருக்கிற ரூக் மாட்டிக்கொள்ளும். அதைக் காப்பாற்ற வேறொரு காயைக் கொடுக்கணும். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கிரேக்கோவின் காலத்திலேயே தெரிந்த பொறி இது.

ஆகவே உண்மையான கேள்வி நடுப்பலகை யாருக்கு என்பதுதான். குதிரையை எஃப்3இல் வைத்தால் கறுப்பின் இ5 தள்ளலை முதலில் தடுக்கலாம். உடனே இ4 ஆடினால் நடுப்பலகை நிறைய இடம் கிடைக்கும். ஆனா கறுப்பு இ5 என்று உடனே பதில் சொல்லும். அங்கேதான் பொறுமை வேணும்.

அந்தப் பொறுமை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1834 சாட்சி. அந்த வருஷம் ஜூன் முதல் ஒக்டோபர் வரை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் செஸ் கழகத்தில் பிரான்சின் லாபூர்தொனேயும் பெல்ஃபாஸ்டில் பிறந்த மெக்டொனலும் 85 ஆட்டங்கள் ஆடினார்கள். ஐம்பதாவதில் வெள்ளை ஆடிய லாபூர்தொனே இ4 தேர்ந்தெடுத்தார். இ5 வந்ததும் டி5 என்று சிப்பாயைத் தாண்டவிட்டார். டி4 காலியானது, ராஜாவை நோக்கிய மூலைவிட்டம் திறந்தது. கறுப்பு பிஷப் அதே வழியில் வந்து எஃப்2இல் வெட்டியது. வெள்ளையால் காஸ்லிங் செய்ய முடியவில்லை. பிறகு மெக்டொனல் தன் ராணியையே கொடுத்து, பதிலுக்கு ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும் மட்டும் வாங்கி, ஆட்டத்தை வென்றார். இன்று இதே நிலையில் வெள்ளை வழக்கமாக ஆடுவது குதிரை எஃப்3. டி4இன் அழுத்தத்தை விடுவதில்லை.

ஆட்டம் அழகு. ஆடியவர்கள் யார் என்று தேடினபோதுதான் நாங்கள் கொஞ்சம் அமைதியானோம். லாபூர்தொனே, 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதியின் பேரன். மெக்டொனல் டெமராராவில் வியாபாரம் செய்தவர். மேற்கிந்தியத் தீவு வணிகர் குழுவின் லண்டன் செயலாளர். 1824இல் தோட்ட முதலாளிகளின் பக்கம் நின்று அடிமைமுறை பற்றி ஒரு நூலும் எழுதினவர்.

அந்த ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோதே, 1834 ஓகஸ்ட் 1இல், அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு. உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 1838இல் டெமராராவுக்கு இந்தியக் கூலிகள் கப்பலேறினார்கள். மேற்கிந்தியக் கோப்பி குறைந்தது. 1835இல் அதற்கிருந்த வரிச் சலுகையும் போனது. இலங்கைக் கோப்பி எழும்பியது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து எங்கள் முன்னோர் மன்னார் வழியாக நடந்து வந்தார்கள். ஊவா மலைகளிலும் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்தது, பிறகு தேயிலை.

எங்களைச் சிப்பாய்கள் என்று சொல்லி முடிப்பது சுலபம். அப்படிச் சொல்ல மாட்டோம். சிப்பாய்க்குப் பசி கிடையாது, நடந்து வந்த களைப்பும் கிடையாது. மூன்றாவது நகர்வுக்கு எங்கள் பதில் குதிரை எஃப்3. ஐம்பதாவது ஆட்டத்தையும் தொடர்ந்து படிப்போம், மெக்டொனலின் திறமையை ரசிப்போம். ஆனா அடுத்த தடவை சின்னவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும்போது, அவர் என்ன தொழில் பார்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.