நிலம் எண்ணான வரலாறு

1960களின் தொடக்கத்தில் கென்யாவில் மரத்தோட்டத்திற்கு ஏற்ற நிலம் தேடும் பணி ஓட்டாவா நிறுவனமொன்றிடம் வந்தது. அங்குப் பணியாற்றிய ரோஜர் டாம்லின்சன், பல வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் ஒப்பிடும் செலவு கட்டுப்படியாகாது என்று கண்டு, கணினியை நாடலாம் என்றார்.

1962இல் விமானப் பயணமொன்றில் அவருக்கு அருகில் அமர்ந்தவர் லீ பிராட். கனடா நிலவளக் கணக்கெடுப்பின் பொறுப்பாளர். அவ்வுரையாடலின் விளைவே கனடா உருவாக்கிய புவியியல் தகவல் முறைமை. உலகில் அதுவே முதலாவது என்பர். வரைபடங்களை வருடும் உருளைக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் அமைத்துத் தந்தது.

'முறைமை' என்னும் சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இதனை 'கணினி வரைபடம்' என்று சுருக்குவோர் பொருளை இழக்கின்றனர். அது சேமித்தது வெறும் படத்தை அன்று. எல்லைக்கோடுகளையும் அவற்றுள் அடங்கிய நிலத்தின் தன்மைகளையும் இணைத்தே சேமித்தது. ஆகவேதான், உழவுக்கும் காட்டுக்கும் ஒருங்கே ஏற்ற நிலம் எவ்வளவு என்று அதனிடம் வினவ முடிந்தது.

வேளாண் நிலம் ஏழு தரங்களாகப் பகுக்கப்பட்டது. முதல் தரம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ அரை விழுக்காடு மட்டுமே. அதிலும் பாதிக்கு மேற்பட்டது, நகரங்கள் விரிந்துகொண்டிருக்கும் ஒன்றாரியோ மாநிலத்தில் உள்ளது. 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியா வேளாண் நிலங்களைச் சட்டத்தால் காக்க முனைந்தபோது, எங்கே கோடு கிழிப்பது என்பதற்கு இத்தரங்களே அடிப்படையாயின.