பவளத்துக்கு எத்தனை மெழுகுவர்த்தி?

சிங்கப்பூர்ல இருக்கிற நண்பர் ஒருத்தர் வீட்டுல நாலடி நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வெச்சிருக்கார். வெறும் மீன் தொட்டி இல்ல, உசுரோட பவளம் வளர்க்கிற ரீஃப் டேங்க். பழைய டி5 குழல் விளக்கைக் கழட்டிட்டு புதுசா எல்.ஈ.டி. மாட்டினார். பார்த்தா நீலமா, மங்கலா, சினிமா தியேட்டர் நடைபாதை மாதிரி இருந்துச்சு. செல்போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, போனை ஜிப்லாக் பையில கட்டி, பவளத்துக்குப் பக்கத்துல தண்ணிக்குள்ள இறக்கி அளந்தோம் (சிரிக்காதீங்க). பழைய விளக்கு 12,000 காட்டியிருந்தது. புதுசு 5,000. "பாதிகூட இல்லையே, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு சொல்லி, முழுசா நூறு சதவீதத்துக்கு ஏத்தினோம். 9,000 வந்துச்சு. பரவாயில்லைன்னு விட்டுட்டோம்.

ரெண்டே வாரம். நாலு தலை இருந்த டார்ச் பவளம் ஒண்ணு வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு. ஏத்தச் சொன்னது அடியேன்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. தோண்டினா 1860-ல போய் முட்டுது.

ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

லண்டன்ல தெருவிளக்குக்கு நிலக்கரி வாயு விற்ற காலம். வாயுக் கம்பெனிக்காரன் சரக்கு நல்லதா மட்டமான்னு அரசாங்கம் சோதிக்கணும். அதுக்கு ஓர் அளவு வேணுமே? 1860-ல வந்த வாயுச் சட்டம் மெழுகுவர்த்தியை அளவாக்கியது. ஒரு பவுண்டுக்கு ஆறு வர்ற மாதிரி செய்த வர்த்தி, மணிக்கு 120 கிரெய்ன் (எட்டு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி) எரியணும். எதுல செஞ்சது தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட தலையிலிருந்து எடுத்த மெழுகுல. வெளிச்சத்துக்கு மனுஷன் போட்ட சட்டப்பூர்வமான முதல் அளவுகள்ல ஒண்ணே கடல்ல இருந்து வந்ததுதான்.

பிரான்ஸ்காரங்க கடுகு இனத்து எண்ணெய் ஊத்தின கார்செல் விளக்கை வெச்சுக்கிட்டாங்க. ஜெர்மானியர்கள் ஹெஃப்னர் விளக்கு, சுடர் சரியா 40 மில்லிமீட்டர் உயரம் இருக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. ஆளுக்கொரு விளக்கு. ஆனா எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருந்துச்சு: ரெண்டு வெளிச்சத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, "ரெண்டும் சமம்"னு தீர்ப்பு சொன்னது மனுஷக் கண்.

1924-ல சர்வதேச ஒளியியல் ஆணையம் (சி.ஐ.ஈ.) அந்தக் கண்ணையே சட்டமாக்கிடுச்சு. பலபேரோட கண்களைச் சோதிச்ச முடிவுகளிலிருந்து ஒரு சராசரி வளைகோடு போட்டாங்க. பச்சையும் மஞ்சளும் கலக்கிற 555 நானோமீட்டர்ல உச்சம். நீலப்பக்கமும் சிவப்புப்பக்கமும் மலைச்சரிவு மாதிரி இறங்கும். லூமென், லக்ஸ் ரெண்டும் இந்த வளைகோட்டோட பிள்ளைங்க. 555-ல ஒரு வாட் ஒளி 683 லூமென். அதே ஒரு வாட், 450 நானோமீட்டர் நீலத்துல வந்தா? வெறும் 26 லூமென்! இதுல இன்னொரு கூத்து. நீலக்கோடியில அந்த வளைகோடு கண்ணோட திறனையே குறைச்சு மதிப்பிட்டிருக்குன்னு 1951-ல ஜட்டுங்கிற விஞ்ஞானி திருத்திக் காட்டினார். ஆனாலும் 1924 கோடுதான் சட்டமா நீடிக்குது. ஊர்ல பழைய பட்டாவை யாராவது அவ்வளவு சுலபமா மாத்துவாங்களா என்ன?

மனுஷனுக்குப் புஸ்தகம் படிக்க, ரோட்டுல நடக்க இந்தக் கணக்கு அருமையான கணக்கு. பவளத்துக்குக் கண்ணே கிடையாதே, அங்கதான் சிக்கல்.

பவளத்துக்கு ஒளி எதுக்குன்னு கேட்டா, அதுக்கு இல்லை, அதோட வாடகைதாரனுக்கு. பவளப்பூச்சியோட தோலுக்குள்ள குடியிருக்கிற ஒத்தைச்செல் பாசி இருக்கே, சூசாந்தெல்லே, 1881-ல கார்ல் பிராண்ட் பேர் வெச்சது, அது வெளிச்சத்துல சர்க்கரை சமைச்சு வீட்டுக்காரனுக்கு வாடகையாத் தருது. இதை ஒத்துக்கவே ரொம்ப நாள் ஆச்சு. 1928-29-ல ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுப் பயணத்தோட தலைவர் மோரிஸ் யங். லோ ஐல்ஸ் தீவுல பவளங்களை இருட்டுப் பெட்டிக்குள்ள மாசக்கணக்குல அடைச்சு வெச்சுப் பார்த்தாங்க. பாசி வெளியேறிடுச்சு, பவளம் வெளுத்துப்போச்சு, ஆனா இரை கிடைச்சா உசுரோட இருந்துச்சு. அதனால பவளம் சுத்த அசைவம், பாசி வெறும் துப்புரவுத் தொழிலாளின்னு யங் முடிவு கட்டினார். 1950-களின் கடைசியில மஸ்காட்டைன், ஹேண்ட் ரெண்டு பேரும் கதிரியக்கக் கார்பனை வெச்சுக் கடல் அனிமோன்ல பார்த்தாங்க. பாசி செஞ்ச சாப்பாடு விலங்கோட உடம்புக்குள்ள போறது தெரிஞ்சது. யங் இருட்டை மட்டும் சோதிச்சார், வெளிச்சத்தோட கணக்கைச் சோதிக்கலைங்கிறது என் அபிப்பிராயம்.

தொட்டிக்காரங்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியுமோ தெரியாதோ, அனுபவம் இருந்துச்சு. ஜகார்த்தாவுல லீ சின் எங்னு ஒருத்தர். கடல்ல இருந்து உசுருள்ள பாறையும் தண்ணியும் கொண்டுவந்து, கொஞ்சம் காத்துக் குமிழி விட்டு, வெயில் படற இடத்துல தொட்டியை வெச்சார். அவ்வளவுதான், பவளம் வளர்ந்துச்சு. 1961-ல அமெரிக்கப் பத்திரிகையில அவர் எழுதினதைப் படிச்சுட்டு அங்க இருந்தவங்க முயற்சி பண்ணினாங்க, பலருக்கு வரலை. ஜகார்த்தா பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு சார்! அந்த வெயிலை எந்தக் கடையில வாங்குறது?

1970-கள், 80-கள்ல ஐரோப்பாக்காரங்க அதை விளக்குல வாங்கப் பார்த்தாங்க. பீட்டர் வில்கென்ஸ், பெர்லின்ல டீட்ரிஷ் ஸ்டூபர் மாதிரி ஆளுங்க, உசுருள்ள பாறை, நுரை வடிப்பான், தலைக்கு மேல மெட்டல் ஹாலைட் விளக்குன்னு ஒரு சமையல் குறிப்பு எழுதினாங்க. அதுதான் பெர்லின் முறை. 1986-ல ஜார்ஜ் ஸ்மிட் எழுதின தொடர் அமெரிக்காவுல மினி ரீஃப் காய்ச்சலைக் கிளப்புச்சு. அப்ப விளக்கோட பலத்தை எப்படிச் சொன்னாங்க? காலனுக்கு இத்தனை வாட். அதாவது கரண்ட் பில்லை வெச்சு வெளிச்சம் அளக்கிறது! வாட்ங்கிறது விளக்கு தின்கிற சோறு, செய்யற வேலை இல்லை. மெட்டல் ஹாலைட் தின்ன சோத்துல பெரும்பங்கு சூடாப் போச்சு. அந்தச் சூட்டை ஆத்த சில்லர், அதுக்குத் தனி பில்.

அடுத்து கெல்வின் மோகம். 6500, 10000, 20000ன்னு பல்புல நம்பர் போட்டு வந்துச்சு. கெல்வின் நிறத்தைச் சொல்லுமே தவிர பலத்தைச் சொல்லாது. ஆனா பெரிய நம்பர்னா பெரிய பல்புன்னு நெனச்சு ஏமாந்தவங்க எத்தனையோ பேர்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து சோளக்கொல்லையில தயாராகிட்டு இருந்துச்சு. 1882-லேயே எங்கெல்மான் ஒரு பாசி இழை மேல வானவில்லை விழவெச்சு, ஆக்சிஜன் தேடற பாக்டீரியா சிவப்புலயும் நீலத்துலயும் கும்பலா மொய்க்கிறதைக் காட்டிட்டார் (அறிவியல் சோதனைகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. மீட்டரே கிடையாது, பாக்டீரியாதான் மீட்டர்!). ஆனா கணக்கு வேணும். 1970-களின் தொடக்கத்துல டெக்சாஸ்ல கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்களோட இலையை எடுத்து, ஒவ்வொரு நிறமா வெளிச்சம் அடிச்சு ஒளிச்சேர்க்கையை அளந்தார். 400-லிருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் வர்ற ஃபோட்டான்களை, நிறத்தைப் பார்க்காம, தலைக்கு ஒண்ணுன்னு எண்ணினாலே போதும், கிட்டத்தட்டச் சரியா வருதுன்னு 1972-ல காட்டினார். அதுதான் இன்னிக்கு எல்லாரும் சொல்ற பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் கதிர்வீச்சு). சதுர மீட்டருக்கு, வினாடிக்கு, இத்தனை மைக்ரோமோல்.

இப்போ பழைய கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு வாட் பச்சை ஒளியில வினாடிக்கு 4.64 மைக்ரோமோல் ஃபோட்டான். ஒரு வாட் 450 நீலத்துல 3.76. வித்தியாசம் ஐந்துல ஒரு பங்குதான். லூமென் கணக்குலயோ 683-க்கு 26! அதே பொருள், ஒரு தராசுல கிட்டத்தட்ட சமம், இன்னொரு தராசுல இருபத்தாறுல ஒரு பங்கு.

வெயில்ல ஒரு மைக்ரோமோலுக்கு சுமார் 54 லக்ஸ். 450 நீலத்துல ஒரு மைக்ரோமோலுக்கு ஏழு லக்ஸ்கூட முழுசா வராது. நாங்க போனை ஜிப்லாக் பையில இறக்கினது ஞாபகம் இருக்கா? :-(

தொட்டிக்காரங்க பக்கம் இந்தத் தராசைக் கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவர் நம்ம நாட்டுலேர்ந்து போனவர், பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி. தொழிலுக்கு இன்டஸ்ட்ரியல் என்ஜினீயரிங், பொழுதுபோக்குக்கு ரீஃப் டேங்க். ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டரை வெச்சு ஒவ்வொரு மெட்டல் ஹாலைட் பல்பா, ஒவ்வொரு பேலஸ்ட்டோட சேர்த்து அளந்து அட்டவணை போட்டார். அதே பல்பு, பேலஸ்ட் மாறினா வேற வெளிச்சம்னு அதுல தெரிஞ்சது. சம்பளம் இல்லாத வேலை, ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரத்துல. இன்னொருத்தர் டேனா ரிடில், பவளத்துலேயே அளந்தார். அவர் பார்த்த பல பவளங்கள் உச்சி வெயிலோட 2,000 மைக்ரோமோல் கிட்டகூடப் போகாம, அதுக்கு வெகு கீழேயே "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு"ன்னு நின்னுச்சு. அதுக்கு மேல ஊத்தினா நஷ்டம்தான்.

இனி எல்.ஈ.டி. 1962-ல சிவப்பு வந்தாச்சு, நீலம் மட்டும் முப்பது வருஷம் தண்ணி காட்டுச்சு. 1993-ல ஜப்பான்ல நிச்சியா கம்பெனியில ஷூஜி நகமுரா பளிச்சுனு எரியற நீல எல்.ஈ.டி.யைக் காட்டினார். அதுக்கு கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென்! அப்புறம் கோர்ட்டுக்குப் போய் 2005-ல 843 மில்லியன் யென்னுக்குச் சமரசம் ஆனதும், 2014-ல அகசாகி, அமானோவோட நோபல் வாங்கினதும் தனிப்பதிவு போட வேண்டிய கதை.

பவளத்துக்கு இது கடவுள் கொடுத்த வரம். கடல்ல சிவப்பு மேலயே சில மீட்டர்ல உறிஞ்சப்பட்டுடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அந்த நீலத்துலயும் நீலப்பச்சையிலயும் சமைக்கத்தான் சூசாந்தெல்லே பாத்திரம் பண்டம் வெச்சிருக்கு, குளோரோஃபில்லோட பெரிடினின்ங்கிற நிறமியும் சேர்த்து. 2006-ஐ ஒட்டி பி.எஃப்.ஓ. லைட்டிங்ங்கிற அமெரிக்கக் கம்பெனி சோலாரிஸ்னு ஒரு எல்.ஈ.டி. விளக்கைக் கொண்டுவந்துச்சு. ஆனா கடல்நீர்த் தொட்டிக்கு எல்.ஈ.டி. விளக்குங்கிற யோசனைக்கே ஆர்பிடெக்னு விண்வெளித் துறை சார்ந்த ஒரு நிறுவனம் 2007-ல பேட்டன்ட் வாங்கிடுச்சு. (பின்னால விண்வெளி நிலையத்துல கீரை வளர்க்கிற வெஜ்ஜி பெட்டியைச் செஞ்சவங்களும் இவங்கதான்.) வழக்கு வந்துச்சு, 2009-ல பி.எஃப்.ஓ. கடையைச் சாத்திடுச்சு. ஒரு முழுத் தொழிலே ரெண்டு மூணு வருஷம் பயந்து பயந்து நடந்துச்சு. 2011-ல ரேடியான் மாதிரி விளக்குகள் வந்த பிறகுதான் மெட்டல் ஹாலைட் கூட்டம் கூட்டமாக் கழண்டுச்சு.

கழண்ட கையோட வெளுப்புக் கதைகளும் வந்துச்சு. நீலம் கண்ணுக்கு மங்கல். மங்கலா இருக்கேன்னு ஏத்தினாங்க. எங்களை மாதிரியே.

மீட்டர் வாங்கினா தீர்ந்துடுமான்னா, அங்கயும் ஒரு முடிச்சு. தொட்டிக்காரங்க மத்தியில பிரபலமான அப்போஜி எம்.கியூ-200 மீட்டரோட சென்சார் 410-லிருந்து 655 வரைக்கும்தான் பார்க்கும். வெயிலுக்கும் குழல் விளக்குக்கும் ஓகே. நீல எல்.ஈ.டி. வந்ததும் குறைச்சுக் காட்ட ஆரம்பிச்சுது. அப்புறம் அதே கம்பெனி எம்.கியூ-510 கொண்டுவந்துச்சு, 389-லிருந்து 692 வரைக்கும். தண்ணிக்குள்ள இறக்கினா சென்சார் குறைச்சுப் படிக்குங்கிறதால, 1.32-ஆல பெருக்கணும்கிற திருத்தமும் உண்டு. மெக்ரீயோட 22 பயிர்ல ஒரு பவளம்கூட கிடையாதுங்கிறதையும் மறந்துடக்கூடாது. பாருங்கிறது சோளத்துக்குத் தெச்ச சட்டை, பவளத்துக்கு ஓரளவு பொருந்துது. இருந்தாலும் மெழுகுவர்த்திக்கு இது எவ்வளவோ தேவலை.

எல்.ஈ.டி. அட்டைப்பெட்டியில லூமென் போட்டிருந்தா கண்டுக்காதீங்க. பெரிய கம்பெனிகளே ராயல் ப்ளூ சில்லுகளை லூமென்ல விற்கிறதில்லை, மில்லிவாட்லதான் தரம் பிரிக்கிறாங்க. ரெண்டு விளக்கை ஒப்பிடணும்னா ஒரே உயரம், ஒரே ஆழம், நடுவுல மட்டும் இல்லாம மூலையிலயும் சேர்த்து பார் எண்ணைக் கேளுங்க. லென்ஸ் போட்ட விளக்கு நடுப்புள்ளியில சூரியனாவும் மூலையில அமாவாசையாவும் இருக்கும்.

நண்பருக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட எம்.கியூ-510 இரவல் வாங்கி அளந்தப்போ, டார்ச் இருந்த இடத்துல 480. அந்தப் பவளத்துக்கு 80-லிருந்து 150-ன்னு தொட்டிக்காரங்க சொல்வாங்க. முதல் நாள் 5,000 லக்ஸ்ல "பத்தாது"ன்னு சொன்னோமே, அந்த நிலைக்குத் திரும்ப வெச்சுப் பார்த்தோம்: 270. அப்பவே அதிகம்.

விளக்கை இறக்கி, பவளத்தைத் தரையோரம் நகர்த்தி, வாரம் கொஞ்சமா ஏத்திக்கிட்டு வந்தார். நாலு தலையில ரெண்டு மூணு மாசத்துல பழுப்பு ஏறி, மறுபடி விரிஞ்சுது. மத்த ரெண்டும் எலும்புக்கூடா நிக்குது, மேல பச்சைப்பாசி படர்ந்து. உடைச்சு எடுத்துடலாமேன்னேன். "இருக்கட்டும்யா, நீ அடுத்த தடவை வர்றப்போ பார்க்கணும்ல"ன்னார்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ராமேஸ்வரம் பக்கம் போய் ஒரு துண்டு பவளம் எடுத்துட்டு வரலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க மக்களே. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, கல் பவளம் எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு என்ன சட்டமோ அதேதான் அதுக்கும்.