கபடி: பாடிப் போகிறவரின் முழங்கால்

களுவாஞ்சிக்குடியில் கபடி பார்த்து வளர்ந்தவன் நான். பாடிப் போகிறவருக்கு 30 வினாடி. எதிரே 7 பேர். காலை ஊன்றித் திரும்பும்போது பிடி விழுந்தால், முழங்கால் முறுகி எலும்புகளைப் பிணைக்கும் சவ்வு அறுந்துவிடலாம்.

அமெரிக்கக் காற்பந்தில் பந்தோடு ஓடும் குவார்ட்டர்பேக்குக்கும் இதே ஆபத்துத்தான். 2012 டிசம்பரில் முழங்காலில் அடிபட்ட வாஷிங்டன் வீரர் ராபர்ட் கிரிஃபின், 2013 ஜனவரியில் அதே காலோடு ஆடினார். சவ்வுகள் அறுந்து, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

அடிபட்ட காலோடு இறங்கினால் ஆபத்து கூடும். வீக்கம் இருந்தாலோ, நடக்கையில் முழங்கால் நழுவினாலோ வைத்தியரிடம் காட்டாமல் இறங்கக் கூடாது. சவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின் 9 மாதமாவது பொறுக்க வேண்டும்.

கிரிஃபினுக்குக் கழகம் சம்பளம் கொடுத்தது. வயலிலும் வாவியிலும் உழைக்கும் எங்கள் பொடியனுக்கு முழங்கால்தான் முதல். போரில் காலிழந்தவர்களோடு வாழும் நமக்கு அதன் விலை தெரியும்.