கானாடுகாத்தான் வீதியிலே

விடுமுறை என்றதும் நம் உள்ளம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகின்றது. காரைக்குடியின் செம்மண் பூமியை நினைப்பார் சிலரே. ஆயினும், கானாடுகாத்தான் வீதியில் ஒருமுறை நடந்தவர் அதனை எளிதில் மறவார். ஒரு வீதியில் தலைவாசல், மறு வீதியில் பின்வாசல் என நீண்டு கிடக்கும் மாளிகைகள்! பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சால் பளபளக்கும் சுவர்கள். தரையிலோ, கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி வார்த்த ஆத்தங்குடிப் பூங்கற்கள்.

இவ்வழகின் பெரும்பகுதி லேவாதேவியில் விளைந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா சென்று ஈட்டிய பொருள் இது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் கால்பங்கு அவர்கள் வசமாயிற்று. நிலமிழந்த பர்மிய உழவரைப் பற்றி இத்தூண்கள் ஒன்றும் சொல்வதில்லை.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர்; 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. ஊருக்கு வந்த வருவாய் வற்றியது. பங்காளிகள் பெருகிய வீடுகள் பூட்டப்பட்டன. சில பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளை அடைந்தன. அங்கே விலை பேசுவோரில் நம்மவரும் உண்டு!

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில மாளிகைகள் இன்று விடுதிகளாய் விருந்தினரை ஏற்கின்றன. செல்வோர் மழைக்காலத்தில் செல்வது நன்று. நாற்புறக் கூரைநீரும் முற்றத்தில் இறங்குவதைத் திண்ணையிலமர்ந்து காணலாம்.