விடுதி மாணவிகள் – குழுப்பாடல்

அரையாண்டுத் தேர்வு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சவுக்கு வந்துவிடும். விடுதிச் சமையலுக்கான விறகு வண்டியில், விறகோடு விறகாக வரும். அதில் நேராக வளர்ந்த, இலை உதிராத கிளை ஒன்றை வார்டன் அம்மா தேர்ந்தெடுத்துச் சுவரில் சாத்தி வைப்பார். மற்றதெல்லாம் அடுப்புக்கு. மணல் நிரப்பிய டின்னில் அந்தக் கிளையை நட்டு, டின்னுக்கு வண்ணத்தாள் சுற்றி, பஞ்சைப் பிய்த்து மேலே தூவினால் எங்கள் கிறிஸ்துமஸ் மரம் தயார். பஞ்சுதான் பனி. மார்கழியில் மலையை மறைத்துக்கொண்டு இறங்கும் பனியை எங்களுக்குத் தெரியும்; இப்படிக் கட்டிகட்டியாக உட்காரும் பனியை ஒருத்தியும் பார்த்ததில்லை.

அது 1991. எங்கள் பள்ளிப் பெயர்ப்பலகையில் ‘வடஆற்காடு மாவட்டம்’ என்பதை அழித்துத் ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’ என்று எழுதி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இந்த ஊரில் டிசம்பர் என்பது தீபத்தின் மிச்சம். மலையுச்சியில் பதினோரு நாள் எரிந்த கொப்பரை கீழே இறங்கிய பிறகுதான் எங்கள் வராந்தாவில் காகித நட்சத்திரம் ஏறும். வகுப்பில் பாதிப் பேர் நெற்றியில் விபூதியோடு கிறிஸ்து பிறப்புப் பாட்டுக்கு ஒத்திகை பார்ப்போம். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

ஏழாம் வகுப்பில் எனக்கு மரியாள் வேடம். எனக்குப் பாட வராது, வசனமும் நிற்காது. மாநிறத்துக்கு ஒரு படி மேலான நிறம், தெருப்பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் வீடு, பீரோவில் அம்மாவின் நீலப் பட்டுப்புடவை. தகுதி இவ்வளவுதான். பாடத் தெரிந்தவள், லூக்கா எழுதியதை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவள், விடுதியில் இருந்தாள். தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமம். காலனிப் பெண். என் வசனங்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். மரியாள் பாடும் நீண்ட பாட்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தாள். மேலே இருப்பவர்கள் இறக்கப்படுவதையும் கீழே இருப்பவர்கள் ஏற்றப்படுவதையும் ஒரு கர்ப்பிணிப் பெண் பாடுகிற பாட்டு. நேரமாகிறது என்று அதை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். “அவளைப் போடலாமே டீச்சர்” என்று யாரோ சொன்னதற்கு, “லைட் போட்டா முகம் தெரியாதும்மா” என்று பதில் வந்தது. அவளும் மற்ற விடுதிப் பிள்ளைகளும் திரைக்குப் பின்னால் நின்று பாடினார்கள். நான் முன்னால் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

பாவைப் பாடல்களில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, மிஷன்களின் பழைய அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கிய காலத்தில்தான் அந்த மேடையை யார் கட்டினார்கள் என்ற கேள்வி எனக்கு வந்தது. இந்த வட்டாரத்துக்கு லூத்தரன் மிஷன் வந்த கதையே சாதியில்தான் தொடங்குகிறது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வேறுபாட்டை அனுமதிக்க முடியாது என்று சண்டையிட்டுப் பிரிந்தவர். 1861இல் கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார். டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கிருந்துதான் அந்த மிஷன் திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று உள்நாட்டுக்குள் நகர்ந்தது. தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்குவையும் இவர்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இடையில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. இன்றும் இந்த ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் ஆட்டோக்காரர் வழி கேட்கமாட்டார். நான் படித்தது அந்தப் பள்ளியில் அல்ல. ஆனால் இந்தப் பக்கத்து மிஷன் விடுதிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் அதே கதைதான் இருக்கிறது.

மதராஸ் மாகாணத்து மிஷன்கள் பெண்களுக்கென்று இரண்டு வகைப் பள்ளிகளை நடத்தின. ஒன்று, ஊருக்கு நடுவே, தெருவில் வீடு எடுத்து நடத்திய ‘இந்துப் பெண் பாடசாலை’. சாதி இந்துச் சிறுமிகள் பகலில் வந்துபோவார்கள்; பருவமடைவதற்கு முன்பே, கல்யாணப் பேச்சு வந்ததும் நின்றுவிடுவார்கள். மற்றது, ஊருக்கு வெளியே மதில் கட்டிய வளாகத்தில் இயங்கிய போர்டிங். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சேரிகளிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்களின் பெண்கள், பஞ்சத்தில் அநாதையானவர்கள். அவர்கள் பல வருடம் தங்கிப் படித்தார்கள். ஆசிரியையும் வேதாகம ஸ்திரீயும் நர்ஸும் ஆனார்கள். பெண் கல்வியின் வரலாற்றைப் பேசும்போது நாம் வீட்டுத் திண்ணையில் ரகசியமாய்ப் படித்த மேல்சாதி விதவையிலிருந்து தொடங்கிப் பழகிவிட்டோம். நெடுங்காலம் தொடர்ந்து பள்ளியில் இருந்தவள் போர்டிங் பெண்.

இரண்டு பள்ளிகளுக்கும் கிறிஸ்துமஸ் வந்தது, ஒரே மாதிரி வரவில்லை. கடல் கடந்த ஊர்களில் சபைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தைத்தவையும் வாங்கிச் சேர்த்தவையும் பெட்டிபெட்டியாகக் கப்பலில் வரும். இந்துப் பெண் பாடசாலைச் சிறுமிகளுக்குப் பெரும்பாலும் பொம்மை. வெள்ளை முகமும் மஞ்சள் முடியும் வைத்த பொம்மை. வருகைப் பதிவு நன்றாக இருந்தவளுக்குப் பெரிய பொம்மை. பரிசு கொடுத்தால்தான் பெற்றோர் பிள்ளையை அடுத்த வருடமும் அனுப்புவார்கள் என்று மிஷனரிப் பெண்களுக்குத் தெரியும். போர்டிங் பிள்ளைகளுக்குத் துணி. வருடத்துக்கான ரவிக்கையும் பாவாடையும்.

அந்த ரவிக்கையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் குப்பாயம் போட்டதற்காகச் சந்தையில் துணியைக் கிழித்தார்கள், வீடுகளையும் கோயில்களையும் கொளுத்தினார்கள். 1859இல் மன்னரின் பிரகடனம் வந்தபோதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. நம் பக்கத்திலும் எந்தத் தெருவில் எப்படி உடுத்தி நடக்கலாம் என்பதை ஊர்தான் முடிவுசெய்தது. டிசம்பரில் கைக்கு வந்த ஒரு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஒரு சிறுமி பொங்கலுக்கு முன் தன் சேரிக்கு நடந்து போனாள் என்றால், அவள் நடந்த பாதை எது, யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் வரலாறு. எந்த அறிக்கையும் அந்தப் பாதையை எழுதவில்லை.

அன்னி மரி பீட்டர்சனை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. 1909இல் டேனிஷ் மிஷனுக்காக இங்கே வந்த ஆசிரியை. மிஷன் பள்ளிகள் தமிழ்ப் பெண்களைச் சொந்த மண்ணுக்கு அந்நியமாக்குகின்றன என்று அவருக்குத் தோன்றியது. 1917 ஜனவரியில் இன்னொரு இளம் மிஷனரியான எஸ்தர் ஃபேரிங்கோடு அகமதாபாத்துக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். பிறகு இருவருமே மிஷனை விட்டு விலகினார்கள். எஸ்தர் ஒரு மலையாளி மருத்துவரை மணந்தார். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான தேசியப் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. தாய்மொழிக் கல்வி, ராட்டை, கதர். சேவா மந்திர் என்ற அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. தனியாக நின்று தன் சங்கத்தையும் தன் நிறத்தவரின் அரசையும் எதிர்த்த பெண் என்பதால் எனக்கு அவர்மீது பெரிய மரியாதை. ஆனால் ஒரு இடத்தில் இடறுகிறேன். அந்நியம் என்று அவர் பார்த்த துணியும் பாட்டும் யாருக்கு அந்நியம்? தேசம் என்று சொன்னபோது குத்துவிளக்கும் கோலமும் யார் வீட்டு வாசலிலிருந்து எடுக்கப்பட்டன? ஊர்க்கிணற்றையே தொட முடியாதவளுக்கு அந்த வாசலும் அந்நியம்தான். சவுக்கு மரமே வெளியிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாக நம் கடற்கரை மணலில் நட்டு வளர்த்தார்கள். இன்று அதை யாரும் அந்நிய மரம் என்று சொல்வதில்லை.

எங்கள் பள்ளியில் அந்தச் சவுக்கைச் சுற்றி விடுதிப் பிள்ளைகள் கும்மியடிப்பார்கள். டென்மார்க்கில் டிசம்பர் 24 மாலை வீட்டுக்குள் மரத்தை வைத்து, குடும்பமே கைகோத்துச் சுற்றிவந்து பாடும் என்று பின்னால் படித்தேன். அது இங்கே வந்து கும்மியானதா, கும்மி தானாகவே ஒரு மரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டதா என்று யோசிக்கப் பிடித்திருக்கிறது.

இன்னொரு வட்டமும் உண்டு. பையன்களின் விடுதியிலிருந்து கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும். பெட்ரோமாக்ஸ், டிரம், தாத்தா வேடம். ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு விடியற்காலையில் திரும்புவார்கள். பெண்களுக்கு மதிலுக்குள்தான் ரவுண்ட்ஸ். வார்டன் வீடு, இரண்டு டீச்சர் குவார்ட்டர்ஸ், வாட்ச்மேன் குடிசை, சமையல்காரம்மா அறை. ஐந்து வாசல். அதற்கே எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை இழுப்பார்களாம். ஒவ்வொரு வாசலிலும் எல்லாப் பாட்டையும் பாடுவார்களாம். அவள் சொல்லித்தான் தெரியும். பகலில் வந்துபோகிறவர்களுக்கு அந்த இரவு கிடையாது.

மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இந்த ஊரில்தான் பாடினார் என்பது மரபு. இருபது பாடல்கள். இருட்டு விலகும் முன் பெண்கள் வீடுவீடாகப் போய்த் தோழிகளை எழுப்பி, கேலி பேசி, குளத்துக்கு நடக்கிறார்கள். பெண்கள் கூட்டமாக, ஆண் துணை இல்லாமல், சத்தமாகத் தெருவில் நடக்கும் காட்சி என்று என் ஆய்வேட்டில் பத்துப் பக்கம் கொண்டாடியிருக்கிறேன். அந்தக் குளத்துக்கு யாரெல்லாம் போகலாம் என்று ஒரு வரி எழுதவில்லை. வழிகாட்டியும் கேட்கவில்லை. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முதன்முதலாகப் போனது 2023 ஜனவரி 30இல். பொங்கல் பானையோடு வரிசையில் நின்ற பெண்களின் படத்தைச் செய்தித்தாளில் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊருக்கு வா என்று அவள் கூப்பிட்டாள். கடைசிப் பரீட்சை அன்று, டிரங்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே. பெட்டிக்குள் மடித்த காகித நட்சத்திரம் இருந்தது; பள்ளியில் கழற்றியதை அவள் ஊர்ச் சபைக்கு வார்டன் அம்மா கொடுத்திருந்தார். சரி என்றேன். போகவில்லை, வீட்டில் கேட்கக்கூட இல்லை. ஜனவரியில் பள்ளி திறந்ததும் எனக்கென்று ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தாள். வகுப்பில் இரண்டு முறுக்குத் தின்றேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். யார் கொடுத்தது என்று ஆயா கேட்டாள். பெயரைச் சொன்னேன், ஊரையும் சொன்னேன். வாசல் பெருக்க வரும் அம்மாவின் முந்தானைக்கு அது போனது. நான் நின்று பார்த்தேன். மறுநாள் கழுவிய தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்தபோது, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது என்றேன்.

1847இல் மதுரை அமெரிக்க மிஷன் தன் உபதேசியார்களைச் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்னது. அதற்கு அன்பின் விருந்து என்று பெயர். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மறுத்து வேலையை இழந்தார்கள். முதன்முதலில் அதைப் படித்தபோது அந்த ஆண்கள்மீது எனக்குக் கோபம் வந்தது. பிறகு தூக்குவாளி ஞாபகத்துக்கு வந்தது. திருநெல்வேலிச் சபைகளில் ஊரே சேர்ந்து சாப்பிடுவதை இன்று அசனம் என்று கொண்டாடுகிறார்கள். அந்தப் பந்தியிலும் சாதி உட்காருவதுண்டு என்று அங்கிருந்து வரும் மாணவிகள் சொல்கிறார்கள்.

அவளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வருகைப் பதிவேட்டில் ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று. அப்போது அது எங்களுக்கு வேடிக்கை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சேரியில் வீடு, சுடுகாடு, கிணறு எதுவும் மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறிவிடும். அதனால் பள்ளியில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். வருடத்தில் டிசம்பரின் இந்த இரண்டு வாரம் மட்டும் இரண்டாவது பெயரைப் பள்ளி வளாகத்திலேயே சத்தமாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மிஷன் இதழ்களின் பழைய படங்களில் வெள்ளைச் சேலை கட்டிய சிறுமிகள் வரிசையாக நிற்பார்கள். ஓரத்தில் நிற்கும் மிஷனரி அம்மாளுக்குப் பெயர் இருக்கும். மற்றவர்கள் ‘போர்டிங் சிறுமிகள்’. 1991 நிகழ்ச்சி நிரலை அம்மா என் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தார். சைக்ளோஸ்டைல் தாள், ஊதா மை. மரியாள் என்பதற்கு எதிரே என் பெயர், இனிஷியலோடு. அதற்குக் கீழே, ‘விடுதி மாணவிகள் – குழுப்பாடல்’.

இந்தக் கட்டுரையில் அந்த வரிக்குப் பக்கத்தில் உன் பெயரை எழுதட்டுமா என்று போன மாதம் போன் செய்து கேட்டேன். அவள் இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியை. சிரித்தாள்.

“எந்தப் பேருடி எழுதுவ?”

பாடின பெயர், என்றேன்.

“வேணாம்டி. பெரியவளுக்கு இன்னும் கம்யூனிட்டி சர்டிபிகேட் வாங்கல.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த நீலப் புடவை இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.